சர்க்கரை சிஸ்டர் சொல்லாமல் விட்டது

என் வீட்டுக்காரரின் அக்காவை ஆஸ்பத்திரியில் எல்லோரும் சர்க்கரை சிஸ்டர் என்பார்கள். சர்க்கரை நோயாளிகள் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். பேச்சில் மட்டும் துளி இனிப்பு இருக்காது. நானும் அதே ரகம்தான் என்பதால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. சாதாரணமாகப் பேசிக்கொள்வதே சண்டை மாதிரிதான் இருக்கும். நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

எங்கள் தெருவில் காய் விற்கிற அம்மாவை நாங்கள் எல்லோரும் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அண்ணி கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். "குரல் எப்பலேர்ந்து இப்படிக் கரகரங்குது? புருவத்தோட ஓரம் எங்க போச்சு? இந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டிருக்கியே, குளுருதா?" என்று கேட்டு, மறுநாளே இழுத்துக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தார். தைராய்டு சுத்தமாகப் படுத்துக் கிடந்தது. மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் மாதம், எடையில் என்னை ஏமாற்றுகிற அளவுக்கு அந்த அம்மா சுறுசுறுப்பாகிவிட்டாள்.

இன்சுலின் போடுகிறவர் யார் வந்தாலும் அண்ணி முதலில் சொல்வது "சட்டையைத் தூக்கு" என்பதுதான். இரண்டு விரலால் வயிற்றைத் தடவிப் பார்ப்பார். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கொழுப்பு கட்டியாகத் திரண்டுவிடும். அங்கே வலிக்காது, அதனால் ஜனங்கள் அங்கேயே குத்துவார்கள். மருந்து சரியாக ரத்தத்தில் சேராது. சர்க்கரை இறங்காது, டாக்டர் அளவை ஏற்றிக்கொண்டே போவார். "ஒரே வீட்ல எத்தனை வருஷம்டா குடியிருப்ப? காலி பண்ணு!" என்பார் அண்ணி. கூடவே ஒரு சீட்டும் எழுதிக் கொடுப்பார். புது இடத்தில் மருந்து முழுசாக வேலை செய்யும், பழைய அளவைப் போடாதே, டாக்டரைக் கேட்டுக் குறைத்துப் போடு என்று.

இவ்வளவும் தெரிந்தவர், ஒன்பது வருஷமாக இன்சுலின் போடுகிற சொந்தத் தம்பியின் வயிற்றைப் பார்த்ததில்லை. இவர் காட்டமாட்டார். அக்கா முன்னால் சட்டையைத் தூக்க வெட்கமாம்.

போன வருஷம் டாக்டர் மூன்று தடவை இவர் அளவை ஏற்றியதில், முப்பத்தெட்டு யூனிட்டில் வந்து நின்றது. அப்படியும் சர்க்கரை முந்நூறுக்குக் கீழே வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, டியூட்டிக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த அண்ணி, ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கைப்பையைக் கீழே போட்டார்.

"சட்டையைத் தூக்குடா."

"அக்கா, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"உனக்குக் குண்டி கழுவி விட்டவ நான். இப்ப என்னடா வெக்கம்? தூக்கு."

தொப்புளுக்கு இரண்டு பக்கமும் எலுமிச்சை அளவில் கட்டி. அண்ணி அதன்மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"வலிக்கலேன்னு இங்கயே குத்திக்கிட்டிருந்தியா?"

"ஆமா. டாக்டர் ஒண்ணும் சொல்லலியே."

"அவர் பாக்கறது காகிதம். வயித்தைப் பாக்கறது நான். நான்தான் பாத்திருக்கணும்."

பையிலிருந்து பேனாவை எடுத்து, கட்டி இல்லாத இடமாகப் பார்த்து நான்கு நீல வட்டம் போட்டார். "இன்னிக்கு இதுல போடு, நாளைக்கு இதுல. இப்படியே சுத்தி வா. கட்டிப் பக்கம் ஊசி போச்சு, கையை ஒடிச்சிருவேன்."

"சரி தாயே," என்று இவர் சிரித்தார்.

தெருமுனையில் பஸ் வந்துவிட்டது. அண்ணி செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடினார். நான் முழு நேரமும் அங்கேயேதான் நின்றிருந்தேன். அளவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இவர் முதல் வட்டத்தில் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுத் தன் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். பதினொன்றரை வாக்கில் மேஜைமேல் தலை சாய்ந்திருக்கிறது. வந்தவர்கள் தூங்குகிறார் என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். மூன்று மணிக்குப் பக்கத்துக் கடைத் தையல்காரர் போய்த் தொட்டபோது சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்ததாம். கூப்பிட்டால் பதில் இல்லை.

அண்ணி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். சர்க்கரை இருபத்திரண்டு என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை ஏறியது, ஆள் எழுந்திருக்கவில்லை. மூளை அத்தனை மணி நேரம் பட்டினி கிடந்திருக்கிறது.

அண்ணி மாடியிலிருந்து ஓடி வந்தபோது, அவசரப் பிரிவு நர்ஸ், "இந்த வட்டமெல்லாம் யாரு போட்டது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் வட்டத்துக்கு நட்ட நடுவில் சிவப்பாக ஒரு குத்து. அக்கா பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறார் மனுஷன்.

அண்ணி என்னைப் பார்த்தார். "எவ்வளவு போட்டான்?"

"எப்பவும் போடறதுதான் அண்ணி. முப்பத்தெட்டு."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இவர் பதினோரு நாள் கிடந்தார். கண் திறக்காமலே போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தரும் அண்ணியைத் தேற்றினார்கள். "நீ சொல்லாமலா இருந்திருப்ப? அவன்தான் காதுல வாங்கியிருக்கமாட்டான்." செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறார்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ மழுப்பமாட்ட."

"கேளுங்க."

"அன்னிக்கு அளவைக் குறைக்கச் சொன்னேனா? செருப்பு மாட்டும்போது சொன்ன மாதிரியும் இருக்கு, சொல்லாத மாதிரியும் இருக்கு. ஒரு மாசமா இதே நெனப்பு."

நான் குழாயை மூடினேன்.

"சொல்லல அண்ணி."

நானே மேலே பேசினேன். "இன்னொண்ணும் கேட்டுக்குங்க. அந்தக் கட்டியை நான் எத்தனை வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன். தொப்பை குட்டி போட்டிருக்குன்னு கேலி பண்ணினேனே தவிர, உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல."

சாவன்றுகூட அழாத அண்ணி அன்றைக்கு என் அடுப்படித் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். நானும்தான்.

விஷயம் தெரிந்து என் தங்கை என்னைப் பிடித்துத் திட்டினாள். "நாக்கா அது, கத்தியா? ஒரே ஒரு பொய் சொன்னா உனக்கு என்ன கொறஞ்சு போகும்?" அவள் சொல்வது சரியாக இருக்கலாம். அண்ணி என் வீட்டில் அழுத மறுநாள் டியூட்டிக்குப் போயிருக்கிறார். முதல் நோயாளி சட்டையைத் தூக்கியதும் கை முன்னால் போகவில்லையாம். எழுதிக் கொடுத்து, துணிகள் வைக்கிற அறைக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். இப்போது நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிக்கிறார்.

"உங்க கையைத் தேடி எத்தனை பேரு வர்றாங்க, இப்படிப் பண்ணலாமா?" என்று சண்டை போட்டேன்.

"கை நல்லாத்தான் இருக்கு. என் வாயைத்தான் என்னால நம்ப முடியல," என்றார்.

சொந்தக்காரர் வீடு எதற்கும் அவர் போவதில்லை. சொன்னாய், சொன்னாய் என்று தேற்றிய வீடுகள் அவை. வேலை முடிந்ததும் என் வீட்டுக்குத்தான் வருகிறார். நான் தட்டை வைக்கிறேன். இரண்டு பேரும் அதிகம் பேசாமல் சாப்பிடுகிறோம்.