தலை சுத்துதுன்னு சொல்லுங்க அத்தை

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், விழுப்புரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

திண்டிவனத்தில் சொந்தக்காரர் வீட்டில் மஞ்சள் நீராட்டு விழா. எனக்கு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கடையில் கூட்டம் அள்ளும், லீவு கேட்கவே முடியாது. அதனால் என் வீட்டுக்காரரும் மாமியாரும் மட்டும் பைக்கில் கிளம்பினார்கள்.

அந்த பைக்குக்கு முந்தின நாள்தான் இவர் முன்பக்க பிரேக் கட்டை மாற்றியிருந்தார். கொஞ்ச நாளாகவே பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம். புதுக் கட்டை வாங்கி வந்து, போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து வாசலில் உட்கார்ந்து மாற்றினார். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அதனால் எனக்கும் கொஞ்சம் புரிந்தது. முன் சக்கரத்தில் இருக்கிற டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பாகத்துக்குக் காலிப்பர் என்று பேர். அதைத் தாங்குவது மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டே போல்ட்டு. அந்த இரண்டும் கழன்றால் காலிப்பர் நகர்ந்து சக்கரத்தில் சிக்கும், ஓடுகிற வண்டி அப்படியே ஆளைத் தூக்கிப் போட்டுவிடும் என்று வீடியோவில் பேசியவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

போல்ட்டு மாட்டுகிற நேரத்தில் மாடியில் டேங்க் நிரம்பி வழிந்தது. மோட்டாரை நிறுத்த இவர் ஓடினார். திரும்பி வந்ததும் பிரேக்கை நாலைந்து தடவை அமுக்கிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. சாமானை எடுத்துப் பையில் போட்டார், சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நானும் வேறெதுவும் நினைக்கவில்லை.

மறுநாள் அவர்கள் கிளம்பிப் போன பிறகு வாசலைப் பெருக்கினேன். பைக் நின்ற இடத்தில், சுவரோரமாக, துடைப்பத்தில் ஏதோ தட்டி உருண்டது. எடுத்துப் பார்த்தால் ஒரு போல்ட்டு.

வீடியோவில் பார்த்த அதே அளவு, அதே மாதிரி தலை. உடனே இவருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. போன் பேண்ட் பாக்கெட்டில், தலையில் ஹெல்மெட், ஹைவேஸில் லாரி சத்தம். எங்கே கேட்கப் போகிறது? மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

அப்புறம்தான் மாமியாரிடம் பட்டன் போன் இருப்பது ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால், நானும் அவர்களும் போனில் பேசிக்கொள்கிற ரகம் இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. ஒட்டுதலும் கிடையாது. கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று நான் இரண்டு தடவை பார்ப்பேன். அவர்கள் அதைப் பார்த்து வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார்கள். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

போட்டேன். எடுத்தார்கள். காற்று இரைச்சலில், "ஒன்னும் கேக்கலம்மா, அங்க போய்ப் பேசறேன்" என்று வைத்துவிட்டார்கள்.

திரும்பப் போடப் போனபோதுதான் ஒன்று உறைத்தது. பிரேக்கில் போல்ட்டு இல்லை என்று இவர் காதில் விழுந்தால் முதலில் என்ன செய்வார்? பிரேக்கைத்தான் பிடித்துப் பார்ப்பார். அதுவும் போகிற வேகத்தில். பின்னால் அவர் அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். விஷயத்தைச் சொல்லக் கூடாது, ஆனால் வண்டி நிற்கணும். எப்படி?

அடுத்த தடவை எடுத்தபோது சத்தம் குறைவாக இருந்தது. முண்டியம்பாக்கத்தில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ரோட்டில் தடுப்பு வைத்திருந்ததால் வண்டி மெதுவாகப் போனதாம்.

"அத்தை, நான் சொல்றத மட்டும் கேளுங்க. அவர்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. தலை சுத்துதுன்னு சொல்லி, மெதுவா ஓரங்கட்டச் சொல்லுங்க. திடீர்னு பிரேக் புடிக்க வேணாம்னு சொல்லுங்க."

"சரிம்மா" என்றார்கள். போன் கட்டானது.

அதற்குப் பிறகு நான் நின்றுகொண்டிருந்த நேரம் இருக்கிறதே, அதை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. துடைப்பம் ஒரு கையில், போல்ட்டு ஒரு கையில். எதிர் வீட்டு அக்கா ஏதோ கேட்டார்கள், என்ன கேட்டார்கள் என்றே தெரியாது.

போன் வந்தது. இவர்தான். பதறிப்போய்ப் பேசினார்.

"அம்மாவுக்குத் தலை சுத்துதாம். முண்டியம்பாக்கத்துல நிறுத்திக்கினு இருக்கேன். ஆஸ்பத்திரிக்கே இட்டுக்கினு போயிடட்டுமா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. வண்டி நின்ற பிறகும் மாமியார் நடிப்பை விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பிடித்தபடி மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டார்களாம்.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு இவர் சிரிக்க ஆரம்பித்தார். "அடப்பாவமே, அது பழைய நம்பர் பிளேட்டு போல்ட்டு. துருப்புடிச்சுதுன்னு நான்தான் கழட்டிப் போட்டேன். இதுக்கா இவ்ளோ பேஜாரு? ஜல்தியா போகணும், நேரம் ஆவுது, வை."

போல்ட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஆமாம், திருகு மரையெல்லாம் துரு. பயத்தில் அதைக் கவனிக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாகக் கிளம்பினவர்களை வழியில் நிறுத்திவிட்டேனே என்று கூனிக் குறுகிப் போனேன்.

அப்போது பின்னாலிருந்து மாமியார் குரல் கேட்டது. "அது போன் பண்ணிச் சொல்லுது இல்ல? ஒரு தடவ கைய வெச்சுப் பாத்தா இன்னா, கொறஞ்சா பூடுவ?"

இவர் அலுத்துக்கொண்டே குனிந்திருக்க வேண்டும். பிறகு, குரலே மாறிப்போய், "ஏய்... ஆடுது" என்றார்.

இரண்டு போல்ட்டும் இருந்தன. ஆனால் இரண்டையும் முந்தின நாள் விரலால் திருகி மட்டும் வைத்திருக்கிறார். ஸ்பேனர் போடுவதற்குள் டேங்க் வழிந்து, ஓடிவிட்டார். திரும்பி வந்தபோது முடித்துவிட்டதாகவே நினைப்பு. மேல் போல்ட்டு பாதி வெளியே வந்திருந்தது. கீழே இருந்தது விரல் பட்டாலே சுற்றியது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் தன் ஸ்பேனர் பையைக் கொடுத்தாராம். இரண்டையும் இறுக்கி, வண்டியைத் தள்ளித் தள்ளிப் பிரேக்கைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். மாமியார் மட்டும் திரும்ப பைக்கில் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். திண்டிவனம் பஸ்ஸில் அவர்கள் முன்னால் போக, இவர் பின்னாலேயே போனார். நான் கடைக்கு லேட்டாகப் போய்த் திட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் கொண்டுபோய், எவ்வளவு இறுக்கணுமோ அதை அளந்து காட்டுகிற ஸ்பேனரில் இறுக்க வைத்தார். போல்ட்டுத் தலைக்கும் காலிப்பருக்கும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடும் போட்டுக்கொண்டு வந்தார். போல்ட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இப்போதும் வீட்டில்தான் வேலை பார்க்கிறார். ஆனால் முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, என் எதிரில் ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பேனரை வைத்துக் காட்டிவிட்டுத்தான் கை கழுவுவார்.

அந்த வாரத்தில் ஒருநாள் மாமியார் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தபோது, நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "ஏன் அத்தை, எதுக்குன்னு ஒரு வார்த்தை கூட நீங்க கேக்கலையே?"

அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன் கொரலு அப்படி இருந்துச்சு. அப்புறம் இன்னாத்த கேக்கறது?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பேச்சை யாரும் அப்படிக் காரணம் கேட்காமல் எடுத்துக்கொண்டதில்லை. இப்போதெல்லாம் வீட்டில் யாராவது பதறிப்போய் ஒன்று சொன்னால், அதை முதலில் செய்துவிட்டு, கேள்வியெல்லாம் அப்புறம்தான் கேட்கிறேன்.