நான் பாதியில் முடித்த நாவல்

கண் நரம்பு பாதிக்கப்பட்டு என் மனைவிக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்ட பிறகு, சாயங்காலங்களில் அவளுக்கு வாசித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது. மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கதை என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம். எனக்குத் தல்லாகுளத்தில் அரசு அலுவலக வேலை. வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு ஆனையூர் வீட்டுக்கு வந்து சேரும்போது தொண்டை வறண்டிருக்கும்.

இணையத்தில் கிடைத்த பழைய நாவல் ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கி, தினம் ஓர் அத்தியாயம் வாசித்தேன். பெரிய குடும்பக் கதை. அந்த வீட்டின் கடைசி மகள், அப்பனை எதிர்த்துப் படிக்கப் போகிறவள், என் மனைவிக்கு உயிராகிவிட்டாள். "இன்னைக்கு அவ என்ன செய்யுறா?" என்று கேட்டுக்கொண்டேதான் வந்து உட்காருவாள்.

முதலில் வர்ணனைகளைத் தாண்டினேன். அப்புறம் பக்கங்களை. ஒருநாள் எனக்குக் கடுமையான தலைவலி. இன்னும் பாதிப் புத்தகம் கிடந்தது. கதையில் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்திருந்த இடம். வாசிக்கிற குரலை மாற்றாமலே, சொந்தமாக இரண்டு வாக்கியம் சேர்த்து அவளைச் சாகடித்துவிட்டேன். "முடிஞ்சது" என்றேன்.

"அம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதோடு விடவில்லை. சர்ச்சுக்குப் போய்த் திரும்பும்போது வண்டியின் பின்னால் இருந்து, "அந்தப் பிள்ளை இருந்திருந்தா டீச்சராயிருப்பால்ல?" என்பாள். காதில் விழாதது போல வண்டியை விரட்டுவேன்.

சென்னையில் இருக்கும் மகள் போனில் சொன்னாள். "அப்பா, திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர் இருக்குப்பா. இலவசந்தான். போட்டுக் குடுத்தா அம்மாவே எல்லாத்தையும் பாத்துக்குவாங்க."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. போட்டுக் கொடுத்தால் என் மனைவி முதலில் எந்தப் புத்தகத்தைத் திறப்பாள் என்று எனக்குத் தெரியும். மகள் கேட்கும்போதெல்லாம் மெஷின் பழசு, தமிழ் சரியாக வராது என்று சாக்குச் சொன்னேன். ஒரு மழைக்காலம் அப்படியே போனது.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். "மகளுக்கு ரெண்டு வரி அடிச்சிருக்கேன். சரியா வந்திருக்கான்னு பாருங்க" என்றாள். திரையில் ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை. என் பொய்யைக் காப்பாற்ற இவளை இப்படி உட்கார வைத்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமையே மகள் சொன்ன சாஃப்ட்வேரைத் தேட ஆரம்பித்தேன். முதலில் போட்டது பேருக்குத்தான் இலவசம். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, விலை கொடுத்தால்தான் மேற்கொண்டு பேசுவேன் என்றது. அடுத்தது கேட்காத விளம்பரங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது. அதைத் துடைத்தெடுக்கவே அரைநாள் ஆயிற்று. மூன்றாவது, தன்னார்வலர்கள் சேர்ந்து செய்தது. எங்கள் பழைய மெஷினிலும் தடுமாறாமல் ஓடியது. தமிழ்க் குரலைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. சளி பிடித்தவன் பேசுவது போல இருந்த அந்தக் குரல், 'மழை'யை 'மலை' என்றது.

"இவனை ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து உக்கார வைக்கணும்" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

நாவலை அழித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கை வரவில்லை.

நினைத்தபடி அதைத்தான் திறந்தாள். சமையற்கட்டில் ஏதாவது செய்கிற பாவனையில் நின்று தினமும் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் குரல் நின்றது.

"என்னங்க, அந்தப் பிள்ளை சாகலையே."

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"காய்ச்சல் சரியாகி, பரீட்சை எழுதி, வேலைக்கே போயிருச்சு. நீங்க ஏன் கொன்னீங்க?"

"களைப்பா இருந்துச்சு" என்றேன்.

"நாளைக்கு வாசிக்கிறேன்னு சொன்னா நான் என்ன அடிக்கவா போறேன்? கதைதான்னு தெரியும். இருந்தாலும் எனக்கு ரெண்டு நாளு சோறு இறங்கலை."

அன்று அதோடு பேச்சு நின்றது. மறுநாள் வழக்கம்போலத்தான் இருந்தாள். ஆனால் வாசிக்கச் சொல்லி என்னைக் கேட்பது நின்றுபோனது. மகளுக்கு அவளே எழுதினாள், பதிலை அவளே கேட்டுக்கொண்டாள். நான் ஏங்கிய ஓய்வு இப்போது சாயங்காலம் முழுக்கக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

போன வாரம், மனசு கேட்காமல், "நான் வேணா வாசிக்கவா?" என்று கேட்டேன்.

"வேண்டாங்க. இவன் தப்பும் தவறுமா வாசிச்சாலும் எதையும் விடுறதில்லை." குரலில் கோபம் இல்லை. இப்போதெல்லாம் காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனைக் கழற்றி, அதன் ஒயரை மெஷினிலிருந்து பிடுங்கினாள். குரல் வெளியே கேட்டது. அதே நாவல், இரண்டாம் முறையாக. "உக்காருங்க. நீங்கதான் மிச்சக் கதையைப் படிக்கலையில்ல."

உட்கார்ந்தேன். அந்தப் பெண் யாரோ ஒருவரிடம் விடைபெற்று ரயில் ஏறிக்கொண்டிருந்தாள். அவர் யார், அவள் எங்கே போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மனைவியிடம் கேட்கவும் வாய் வரவில்லை.