மதிலுக்குப் படங்கு போட்டவர்

கோப்பாயில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற காணி அதிகாரி. எதையும் உரிமை, எல்லை என்றே கதைப்பார். மகளின் கலியாணத்துக்கு வெள்ளையடித்த மதிலில் மாரி மழையோடு பாசி படர்ந்துவிட்டது. கத்தியால் சுரண்டி வேரைத் தேடினார்.

நான் தாவரவியல் படிப்பிப்பவள். "அண்ணை, பாசிக்கு வேருமில்லை, தண்ணி ஏத்துற குழாயுமில்லை. உடம்பு முழுக்க உறிஞ்சும்," என்றேன்.

"வேரில்லாமல் என்ரை மதிலிலை குடியிருக்க உதுக்கென்ன உரிமை, ரீச்சர்?"

மழை படாதபடி மதிலைப் படங்கால் மூடினார். பாசி காய்ந்து பழுப்பானது. செத்துவிட்டதென்று கலியாணத்தன்று காலை படங்கைக் கழற்றினார். தூறல் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கியபோது மதில் பச்சைப்பசேலென்று நின்றது.

"நிறம் நல்ல வடிவு. என்ன பெயின்ற்?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் தாய்.

"உது பிரான்சிலை இருந்து எடுப்பிச்சது," என்றார் அவர்.

அப்போது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்த முகம் எனக்கு இன்றும் வியப்புத்தான்.