ராஸ்தான் கணவாய் எப்போது திறக்கும்? மாப்பிள்ளையைக் கூப்பிடப் போன பயணம்

இந்த வருடம் சித்திரை பிறந்த மறுநாள் நானும், என் தம்பிக்கு மாமனாராகப் போகிறவரும் காஷ்மீருக்குக் கிளம்பினோம். சுற்றிப் பார்க்க அல்ல. தம்பிக்குச் சித்திரை பத்தாம் தேதி விருதுநகரில் கல்யாணம். பத்திரிகை அடித்துப் பாதி கொடுத்தும் ஆகிவிட்டது. மாப்பிள்ளை மட்டும் ஊருக்கு வந்து சேரவில்லை.

தம்பி பிரபு குரேஸ் பள்ளத்தாக்கில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். ஸ்ரீநகரிலிருந்து பந்திப்போரா அறுபது கிலோமீட்டர், அங்கிருந்து குரேஸ் இன்னொரு எண்பத்தைந்து. நடுவில் பதினோராயிரத்து அறுநூறு அடி உயரத்தில் ராஸ்தான் கணவாய். மார்கழியில் பனி மூடினால் ரோடு அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்கள் உள்ளே, வெளியே இருப்பவர்கள் வெளியே. ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் நோயாளிகளுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் போக மிச்சமிருந்தால்தான் இடம், அதுவும் வானம் தெளிந்தால்தான். வழக்கமாகப் பங்குனி கடைசிக்குள் ரோட்டைத் திறந்துவிடுவார்கள் என்று பிரபு சொன்னதை நம்பித்தான் தேதி குறித்தோம். இந்த வருடம் பங்குனியில் புதுசாகப் பனி கொட்டியது.

சிவகாசி வெயிலில் நின்றுகொண்டு இதை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பெண் சுகன்யாவின் அப்பா ஞானகுரு மாமாவுக்கு நாரணாபுரத்தில் வெடிக்கான காகிதக் குழாய் சுற்றும் கம்பெனி. அறுபது வயது. திருப்பதிக்கு வடக்கே போனதில்லை. நான் முதன்முதலில் விஷயத்தைச் சொன்னபோது, “ராஜஸ்தான்ல ஏதும்மா பனி? அங்கன பாலைவனம்ல இருக்கு?” என்றார். ராஜஸ்தான் இல்லை, ராஸ்தான் என்று விளக்கினேன். தலையாட்டினார். ஆனால் அவர் முகத்தில் சந்தேகம் அப்படியே இருந்தது. ஒரு வாரம் கழித்து வீட்டுக்கே வந்தார்.

“மழை பேஞ்சா நமக்கும் ரெண்டு நாள் வேலை நிக்கும். இது என்னம்மா, மாசக்கணக்கா ஒரு ரோடு அடைச்சிருக்குமா? தம்பிக்கு இதுல இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

அம்மா பதறிப்போனார். எனக்கோ அதைவிடப் பெரிய பயம். தீபாவளிக்குப் பிரபு வந்திருந்தபோது, பெண் பார்த்துவிட்டு வீடு திரும்பியதும், பிடித்திருக்கிறதா என்று அவனிடம் கேட்டேன். “உனக்குச் சரின்னா எனக்குச் சரிக்கா” என்றான், செருப்பைக் கழற்றிக்கொண்டே. அந்த ஒரு வரியை அதற்கப்புறம் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. போனில் பேசினாலும் குரல் விட்டு விட்டுத்தான் கேட்கும். “ரோடு தெறந்ததும் வந்துருவேன்” என்பதைத் தவிர அவன் எதுவும் சொல்வதில்லை.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று மாமாவே சொன்னார். லேபிளும் காலண்டரும் அடிக்கும் பிரஸ்ஸில் வடக்கத்தி ஆர்டர்களை நான் பார்ப்பதால் ஹிந்தி ஓரளவு வரும். என் வீட்டுக்காரர் மகளைப் பார்த்துக்கொள்ள ஊரில் இருந்துவிட்டார்.

மதுரையிலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகருக்கு விமானம், ஆளுக்குப் பதினாலாயிரம் ஆனது. மதுரையில் சோதனை செய்கிறவர் மாமாவின் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டார். டெல்லி வரை மாமா அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஸ்ரீநகரில் இறங்கியதும் அவருடைய போன் செத்துவிட்டது. வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டும்தான். இதைத் தெரிந்துகொண்டு போங்கள். எங்கள் இருவருக்கும் என் போன் ஒன்றுதான் என்றாகிவிட்டது.

விமான நிலையத்திலிருந்து பந்திப்போராவுக்கு டாக்ஸி இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், இரண்டு மணி நேரம். வழியெல்லாம் கடுகு பூத்து மஞ்சளாகக் கிடந்தது. வெயில்கூட அடித்தது. மாமா கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர், “பனின்னாக, ஒண்ணத்தையும் காணோம்” என்றார்.

பந்திப்போராவில் அல்தாஃப் என்பவர் நடத்தும் விடுதியில் இரண்டு அறை எடுத்தோம். ஒரு அறைக்குத் தினம் ஆயிரத்து இருநூறு, காலைச் சாப்பாடு சேர்த்து. உப்புப் போட்ட ரோஸ் நிற டீ கொடுத்தார்கள். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, மரியாதைக்காக முழுவதையும் குடித்து முடித்தார்.

அதற்கப்புறம் தொடங்கியது ரோட்டைப் பற்றிய ஊகம். அந்த ஊரில் இந்த மாதத்தில் யாரிடம் பேசினாலும் அதே பேச்சுதான். வெள்ளிக்கிழமை திறந்துவிடும் என்றார் எங்களுக்கு வண்டி ஓட்டிய பஷீர். குரேஸ்காரர், குளிர்காலத்துக்குக் குடும்பத்தோடு கீழே வந்தவர். இன்னும் பத்து நாள் ஆகும் என்றார் அல்தாஃப். ரொட்டிக் கடையில் ஒருவர் இந்த மாதம் திறக்காது என்றார். இரண்டு பக்கமிருந்தும் இயந்திரங்கள் பனியை வெட்டிக்கொண்டு வருகின்றன, நடுவில் நாலு கிலோமீட்டர்தான் பாக்கி என்று செய்தியில் போட்டிருந்தார்கள். மறுநாள் மேகம் இறங்கியது, வேலை நின்றது. வெட்டிய இடத்திலும் பனி சரிந்து பாக்கி ஆறு கிலோமீட்டர் ஆனது. வெள்ளிக்கிழமை போய்விட்டது. பஷீர் ஞாயிறு என்றார். ஞாயிறும் போனது. பஷீர் சிரித்துக்கொண்டே, தன் ஊகம் எந்த வருடமும் சரியாக இருந்ததில்லை, ஆனால் கேட்கிறவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதே என்றார்.

நான் இதையெல்லாம் மாமாவுக்குத் தமிழில் சொல்வேன். அவர் கேட்டுக்கொள்வார். பிறகு என் போனை வாங்கி ஊருக்குப் பேசுவார். காரியாபட்டியில் பத்திரிகை வைக்கப் போனவர்களிடம், மாப்பிள்ளை வந்துவிட்டாரா என்று கேட்கிறார்களாம். மண்டபத்துக்காரர் சமையல் ஆளை உறுதி செய்யச் சொல்கிறாராம். பேசி முடித்துப் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

திங்கட்கிழமை பஷீர் எங்களைக் கணவாய்க்கு இந்தப் பக்கமுள்ள டிராக்பல் வரை கூட்டிப் போனார். மலை ஏறி இருபத்தைந்து கிலோமீட்டர் போல, போகவர இரண்டாயிரம் ரூபாய். சோதனைச் சாவடியில் அசல் ஆதாரைக் காட்டிப் பெயர் எழுதிவிட்டு இன்னும் கொஞ்ச தூரம் போக விட்டார்கள். ஒரு வளைவு திரும்பியதும் ரோடு முடிந்துபோனது. முன்னால் வெள்ளைச் சுவர். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். வெட்டிய பக்கத்தில் அடுக்கு அடுக்காகக் கோடு தெரிந்தது. மேலே எங்கோ ஓர் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

மாமா இறங்கிப் போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “எம்புட்டுத் தூரம்மா இப்படி இருக்கும்?” என்று கேட்டார். அவர் அந்தப் பயணத்தில் முதல் தடவையாக ரோட்டைப் பற்றி மட்டும் கேட்ட கேள்வி அது.

இறங்கி வரும்போது சிக்னல் கிடைத்ததும் பிரபு கூப்பிட்டான். உள்ளூர்க்காரர்கள் நாலு பேர் நாளைக்குக் கணவாயை நடந்தே கடக்கிறார்கள், நானும் அவர்களோடு வருகிறேன், மதியத்துக்குள் டிராக்பல் வந்துவிடுவேன் என்றான். வண்டியோடு நிற்கச் சொன்னான். நான் ஏதோ கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது. மாமாவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. நடந்தாவது வருகிறாரே, புதன்கிழமை விமானம் கிடைத்தால் கல்யாணத்துக்கு நேரத்தோடு போய்விடலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.

பஷீருக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. நான் ஹிந்தியில் சொன்னதும் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். புதுப் பனி பழைய பனியோடு இன்னும் ஒட்டவில்லை, வெயில் ஏறினால் சரிவு மொத்தமாக வழுக்கி இறங்கும், தன் பெரியப்பா மகன் அப்படித்தான் போனான் என்றார். நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல மாமாவின் முகம் மாறியது.

“அடிம்மா போன” என்றார். “வர வேணாம்னு சொல்லு.”

அடித்தேன். போகவில்லை. விடுதி வந்து சேரும்வரை அடித்தேன். அவன் இருக்கும் பக்கம் மின்சாரம் போய்விட்டால் டவரும் போய்விடும் என்றார் அல்தாஃப்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே டிராக்பல் சாவடியில் இருந்தோம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. முந்தின நாள்வரை நாங்கள் ஏங்கிய வெயில். அது ஏற ஏற நான் பிரபுவின் நம்பரையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். பஷீர் டீ வாங்கிக் கொடுத்தார். மாமா டம்ளரைக் கையில் வைத்திருந்தாரே தவிர குடிக்கவில்லை. வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினோரு மணிக்குமேல் வளைவில் ஆட்கள் தெரிந்தார்கள். முழங்கால் வரை சாக்குச் சுற்றிய மூன்று பேர். மூன்று பேர்தான். நான் ஓடிப்போய்க் கேட்டேன், கூட வந்த மதராஸி எங்கே? அவர்களில் ஒருவர் மூச்சு வாங்கிச் சொன்னார்: ஐந்து பேராகத்தான் கிளம்பினோம், கணவாய்க்குக் கீழே ஒரு பெரியவருக்கு மூச்சு முட்டியது, யாராவது திருப்பிக் கூட்டிப் போக வேண்டியிருந்தது, உங்கள் ஆள்தான் நான் கூட்டிப் போகிறேன் என்றான். அதற்குக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பின்னால் ஒரு சத்தம் கேட்டதாம். பனி சரிந்தது. அவர்கள் இருவரும் அதற்குள் கீழே போயிருப்பார்கள் என்றார். போயிருப்பார்கள் என்றுதான் சொன்னார். போனார்கள் என்று சொல்லவில்லை.

இதை எப்படி மாமாவிடம் சொன்னேன் என்று நினைவில்லை. சாவடியில் இருந்தவர்கள் வயர்லெஸ்ஸில் அந்தப் பக்கம் கேட்டார்கள், பதில் வரவில்லை. மூன்று மணிவரை நின்றோம். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. கல்யாணம், தேதி, மண்டபம் எதுவும் அப்போது மனதில் இல்லை. உனக்குச் சரின்னா எனக்குச் சரி என்றவனை நான்தானே இதில் இழுத்துவிட்டேன் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கேற்றும் நேரத்தில், விடுதி வாசலில், போன் அடித்தது. பிரபு. பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன், நாளைக்கு மறுபடி கிளம்புகிறேன் என்றான். மாமா என் கையிலிருந்து போனை எடுத்தார்.

“மாப்ளே, நான் ஞானகுரு பேசுறேன். நடந்து வராதீக. ரோடு தெறந்த பெறகு வண்டியில வாங்க. தேதிய நான் மாத்திட்டேன்.”

அவர் அதுவரை யாரிடமும் தேதியை மாற்றுவதைப் பற்றிப் பேசவே இல்லை. வைத்த கையோடு நாரணாபுரத்துக்கு அடிக்கச் சொன்னார். எதிர்முனையில் அவருடைய தம்பி. பத்திரிகை கொடுத்தாகிவிட்டதே, சனம் என்ன பேசும், நிசமாகவே ரோடு அடைத்திருக்கிறதா என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. “அடைச்சிருக்குப்பா. என் கண்ணால பாத்தேன்” என்றார் மாமா. வைகாசி முதல் முகூர்த்தத்துக்குப் பேசி முடித்துவிட்டுத்தான் போனைக் கொடுத்தார்.

பழைய முகூர்த்த நாளன்று, மதியம் ஒரு மணிக்கு, அந்தப் பக்கத்திலிருந்து முதல் வண்டிகளை விட்டார்கள். யாருடைய ஊகமும் அந்த நாளைச் சொல்லவில்லை. நாலாவது வண்டியில் பிரபு, நாங்கள் காத்து நின்ற டிராக்பலில் வந்து இறங்கினான். முகம் கறுத்து, மூக்கு உரிந்து போயிருந்தது. மாமா இரண்டு எட்டு முன்னால் போய், “சாப்பிட்டீகளா?” என்று கேட்டார். அவன் சாப்பிட்டேன் மாமா என்று பொய் சொன்னான்.

இறங்கும் வழியில் நானும் அவனும் பின்சீட்டில். ஏன்டா நடக்கத் துணிந்தாய் என்று மெதுவாகக் கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “சுகன்யாகூட தினமும் பேசுவேன்க்கா. நான் வர மாட்டேன்னு அவுக அப்பா நினைக்கிறாகன்னு சொல்லி அழுதுச்சு. அதான்” என்றான்.

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். ஆனாலும் அந்தச் சின்ன வண்டிக்குள் கேட்காமல் இருக்காது. மாமா திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துப் பின்னால் நீட்டினார். பிரபு வாங்கிப் போர்த்திக்கொண்டான். வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

குரேஸ் போக நினைப்பவர்களுக்கு: வைகாசி பாதிக்கு மேல் திட்டமிடுங்கள், நிம்மதியாக இருக்கும். அதற்கு முன் என்றால் திரும்பும் டிக்கெட்டை முன்பதிவு செய்யாதீர்கள். பந்திப்போராவில் நாலைந்து நாள் சும்மா இருக்க மனதையும் துணியையும் தயார் செய்துகொள்ளுங்கள், காலையில் நல்ல குளிர். ரோடு திறந்த புதிதில் ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்று ஒருவழியாகத்தான் விடுவார்கள், முந்தின மாலை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். திறந்த ரோடு அடுத்த மழையில் மறுபடி அடைபடலாம். திறக்கும் நாளை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், அன்போடுதான் சொல்வார்கள், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முக்கியமாக, கணவாய்க்கு அந்தப் பக்கம் உங்கள் ஆள் யாராவது இருந்தால், எப்போது வருகிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். கேட்டுக்கொண்டே இருந்தால் அவர்கள் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள்.