நஞ்சப்பனை எங்கே தொலைப்பது

புருஷனை எங்கே வைத்துத் தொலைப்பது, குன்னூரிலா கோயம்புத்தூரிலா என்று தீர்மானிக்க மருதாம்பாளுக்கு ஒரு மழைக்காலம் தேவைப்பட்டது. கேட்பவர்களுக்குக் குரூரமாகப் படலாம். அவளே சொன்ன வார்த்தைதான் அது.

"எங்கிருந்தாலும் தொலையத்தான் போறாருங்க டீச்சர். எந்த ஊர்ல தொலைஞ்சா திரும்பக் கெடைப்பாருன்னுதான் பாக்கறேன்" என்றாள், என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே.

அவள் கணவர் நஞ்சப்பன் முப்பத்திரண்டு வருஷம் தேயிலை எஸ்டேட் தபால்காரராக இருந்தவர். சர்க்கார் தபால்காரர் இல்லை. எஸ்டேட் ஆபீசிலிருந்து ஃபேக்டரிக்கும் மூன்று டிவிஷன்களுக்கும் டவுன் போஸ்ட் ஆபீசுக்கும் தோல்பையில் காகிதம் சுமந்து நடக்கிற ஆள். அவர் நடையைப் பற்றி இங்கே ஒரு கதை உண்டு. மேனேஜர் போட்ட கையெழுத்து காய்வதற்குள் அதைக் கீழ் டிவிஷனில் கொண்டுபோய்க் கொடுத்தார், வாங்கிய கிளார்க்கின் கட்டைவிரலில் மை ஒட்டியது என்று. கட்டிவிட்டவள் நான்தான். ஆனால் அந்தக் கிளார்க்கே பிற்பாடு அதைத் தன் அனுபவமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டதால், இப்போது எனக்கும் சந்தேகமாக இருக்கிறது.

ஓய்வு பெற்றதும் எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, எஸ்டேட்டை ஒட்டிய எங்கள் காலனியில் மூன்று சென்ட்டில் இரண்டு அறை கட்டிக்கொண்டு வந்தார்கள். மருதாம்பாளும் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். ஒரே மகள் மகாலட்சுமி, கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருந்தாள்.

நஞ்சப்பனுக்கு மறதி வந்தது அறுபத்தாறு வயதில். முதலில் மனிதர்களின் பெயர் போயிற்று. பிறகு சாப்பிட்டோமா என்பது போயிற்று. கடைசியில் தான் ஓய்வு பெற்றதே போயிற்று. ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஸ்வெட்டர், மப்ளர், குடை சகிதம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மருதாம்பாள் தடுக்கவில்லை. பையில் பழைய கரண்ட் பில், நாலு வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பத்திரிகை என்று எதையாவது போட்டு அனுப்பினாள். அவர் வீடு வீடாகக் கொடுப்பார். நாங்களும் வாங்கிக்கொள்வோம். டீக்கடை தேவி மட்டும் வம்பு பண்ணுவாள்.

"ஏனுங்க, நேத்தும் இதே கண்ணாலந்தானுங்க. அந்தப் புள்ளைக்கு எத்தன தடவ கட்டி வெப்பீங்க?"

"எனக்கென்னங்க தெரியும்? கொண்டாந்து குடுக்கறதோட என்ற வேல முடிஞ்சுது" என்று டீயைக் குடித்துவிட்டு நடப்பார்.

சாயங்காலம் அந்தக் காகிதங்கள் எல்லாம் மருதாம்பாள் வீட்டு ஜன்னலுக்குத் திரும்பிவிடும், மறுநாள் பட்டுவாடாவுக்கு. அவரும் திரும்பிவிடுவார். வழி மாறினால் கொழுந்து பறிக்கிறவர்கள் யாராவது கையைப் பிடித்து ரோட்டில் விட்டுவிடுவார்கள்.

மகாலட்சுமிக்கு இது பிடிக்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தேயிலைக்குள் சிறுத்தை நடக்கும் வீடியோ எங்களுக்கு வருவதற்கு முன்பே அவள் போனுக்குப் போய்விடும். காட்டெருமை வாசலில் நிற்பதும், மண் சரிந்து ரோடு அடைபடுவதும் பொய்யில்லை. பெரிய டாக்டரைப் பார்க்க மலை இறங்கித்தான் ஆகவேண்டும்.

"அம்மா, அப்பா ஒரு நாளைக்கு வரமாட்டாரு. அன்னைக்கு நீ என்ன பண்ணுவே?" என்று போனில் கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் காதிலும் விழுந்தது.

மருதாம்பாள் ஆடி மாதம் அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். இருபது நாள் இருந்து பார்ப்பது, ஒத்துவந்தால் அங்கேயே தங்கிவிடுவது என்று பேச்சு. மலைப்பாதையில் பர்லியார் தாண்டியதும் உஷ்ணம் தாங்காமல் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னாளாம். டூட்டியில் இருக்கும்போது எப்படிக் கழற்றுவது என்று மேட்டுப்பாளையம் வரை வேர்த்துக்கொண்டே வந்தாராம்.

மகள் வீடு ஒரு அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் இருந்தது. மருமகன் ராஜசேகர் தங்கமான பையன். மாமனாருக்கென்று பாத்ரூமில் பிடிகம்பி எல்லாம் வைத்திருந்தான். நாலாம் நாள் காலை, பால் வாங்கக் கதவைத் திறந்த நேரத்தில் நஞ்சப்பன் நழுவிவிட்டார். ராஜசேகர் பைக்கில் தெருத்தெருவாக அலைந்தான். மகாலட்சுமி பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதாள். மருதாம்பாள் மட்டும் தெருவில் இறங்கவில்லை. மாடிப்படியைப் பார்த்தாள், ஏறினாள்.

எங்கள் மலையில் இடது வலது என்று யாரும் வழி சொல்வதில்லை. மேலே, கீழே, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நஞ்சப்பனுக்கு மூத்த தபால்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது இது: மூடுபனியில் வழி தெரியாவிட்டால் மேலே ஏறு, ரோடு அங்கேதான் இருக்கும், கீழே இறங்கினால் ஓடையில் போய்த்தான் நிற்பாய். முப்பத்திரண்டு வருஷம் அது அவரைக் கைவிட்டதில்லை.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றிருந்தார்.

"இன்னும் ரோடு வரலியே மருதா" என்றார்.

அன்றே ராஜசேகர் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போட்டான். வேறு யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நஞ்சப்பன் இரண்டு நாள் கதவருகே பையோடு நின்றார். யார் வந்து திறப்பார்கள் என்று கேட்டார். மூன்றாம் நாள் கேட்கவில்லை. பையைக் கழற்றி வைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கச் சொன்னால்தான் எழுந்தார். இருபது நாள் முடிவதற்குள் கால் தள்ளாட ஆரம்பித்தது. ராத்திரி எண்ணெய் தேய்க்கும்போது கெண்டைக்கால் சதை கையில் அகப்படவில்லை என்று மருதாம்பாள் என்னிடம் சொன்னாள்.

மலைக்கே திரும்புவதென்று அவள் முடிவு செய்துவிட்டாள். மகள் சமையலறையில் வழிமறித்தாள்.

"அங்க போயி அப்பாவுக்கு ஏதாச்சும் ஆனா?"

"ஆகும் கண்ணு. இங்க ஆயிட்டிருக்கறது உன்ற கண்ணுக்குத் தெரியலயா?"

"இங்க உசுரோட இருக்கறாரும்மா."

"அதத்தான் நானும் பாத்துட்டிருக்கறேன்."

"பின்னால என்னையக் கூப்பிட்டு அழுகக்கூடாது."

"கூப்பிட மாட்டேன்" என்றாள் மருதாம்பாள். அதை ஏன் சொன்னோம் என்று பிறகு நிறைய யோசித்தாளாம்.

ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் நஞ்சப்பன் நடந்தார். முதல் வாரம் தேவி கடை வரைக்கும், அடுத்த வாரம் ஃபேக்டரி கேட் வரைக்கும். கால் திரும்பி வந்தது. ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, எனக்குப் பென்ஷன் கூடியிருப்பதாக ஒரு காலி உறையைக் கொடுத்தார். நான் பொய் சொல்கிறவள். அந்தப் பொய்யை அவர் முகத்தில் பார்த்தபோது அது உண்மையைவிட நன்றாக இருந்தது.

ஐப்பசியில் மழையோடு சேர்ந்து பனி இறங்கியது. எங்கள் பனியில் குடையைச் சாய்த்து வைத்தால் விழாமல் நிற்கும் என்று வெளியூர்க்காரர்களிடம் நான் சொல்வதுண்டு. அந்த வியாழக்கிழமை அப்படித்தான் இருந்தது. மருதாம்பாள் அவரைப் போகவேண்டாம் என்றாள். மழைக்கெல்லாம் தபால் நிற்குமா என்றார். அவள் ஒரு விநாடி யோசித்தாள், பிறகு மப்ளரைச் சுற்றிவிட்டு அனுப்பினாள்.

தேவி கடைக்கு அவர் வரவில்லை. பதினோரு மணிக்குத் தேட ஆரம்பித்தோம். ஓடைக்கரையில் அவர் குடை கிடந்ததால் எல்லோரும் பள்ளத்திலேயே தேடினோம். "அங்க இருக்கமாட்டாருங்க, மேல பாருங்க" என்று மருதாம்பாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பதற்றத்தில் பேசுகிறாள் என்று நினைத்தோம். நானும்தான் நினைத்தேன்.

எஸ்டேட்டுக்குள் எங்கிருந்து ஏறினாலும் ஏதாவது ஒரு ரோடு வரும். எல்லையைத் தாண்டி ஏறினால் சோலைக்காடு, அங்கே ரோடே கிடையாது. எந்த இடத்தில் தாண்டினாரோ. மறுநாள் காலை காட்டு வாட்சர்கள்தான் கண்டுபிடித்தார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு மரத்தடியில், பையை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். விலங்கு எதுவும் தொடவில்லை. குளிர்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் நல்லது நினைத்துச் சொன்னார்கள், பிடித்த மலையிலேயே, பிடித்த வேலையிலேயே போய்விட்டார், கொடுத்துவைத்தவர் என்று. மருதாம்பாள் தலைநிமிர்ந்தாள்.

"ராத்திரி முச்சூடும் நனைஞ்சு நடுங்கிட்டு உக்காந்திருந்தாருங்க. என்ற பேரச் சொல்லிக் கூப்பிட்டாரோ என்னமோ. புடிச்ச எடம்னு யாரும் சொல்லாதீங்க."



மகாலட்சுமி காரியம் முடியும்வரை அம்மாவிடம் பேசவில்லை. பதினாறாம் நாள் எல்லோரும் போன பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "பூட்டி வெச்சிருந்தா இருந்திருப்பாரு."

"ஆமா கண்ணு, இருந்திருப்பாரு" என்றாள் மருதாம்பாள்.

மறுநாள் காலையில் துணிமணியைக் கட்டிக்கொண்டு மகளோடு புறப்பட்டாள். இந்த முறை யோசிக்கவே இல்லை. இனி உனக்கு என்ன அவசரம், கொஞ்சநாள் இங்கேயே இரு என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"அவ மனசுல இருக்கறது போன்ல வராதுங்க டீச்சர். எதுக்க இருந்தாத்தான் வரும்" என்றாள்.

மூன்று மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் பண்ணுகிறேன். போன வாரம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கறேனுங்க. சோறு போடறா, மாத்திர எடுத்துக் குடுக்கறா, எண்ண வெச்சுத் தல சீவி உடறா. அப்பான்னு மட்டும் ஒரு வார்த்த வாயில வரல."

"வருமா?"

"வருங்க. வந்தா வசவாத்தான் வரும். அத வாங்கிக்கத்தான உக்காந்திருக்கறேன்."