தசையில் தெரிந்த பட்டினி

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் கிராமத்துக்குப் போகும் வழியில் ஓர் அக்கா பண்ணைக்குட்டை வெட்டி ரோகு மீன்குஞ்சு வளர்த்தார். என் ஆராய்ச்சிக்காக வாராவாரம் போவேன். அவரே வலை போட்டுப் பத்துக் குஞ்சுகள் பிடித்துக் கொடுப்பார்.

குஞ்சு வளர்கிறதா, வாடுகிறதா என்பது எடை குறையும் முன்பே அதன் தசைச் செல்களில் தெரிந்துவிடும். நன்றாக வளரும் செல்லில் ஆர்.என்.ஏ. கூடும்; பட்டினி கிடந்தால் இறங்கும். அதைப் பார்க்க மீனைக் கொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அவர் கொடுத்த குஞ்சுகளிலேயே கொஞ்சத்தை ஆய்வுக்கூடத் தொட்டியில் இரையில்லாமல் வைத்திருந்தேன். நான் பக்கத்தில் போனால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறக்கும். சில நாட்களில் அதுவும் நின்றது.

மழைக்காலம் முடிந்தபோது அக்காவின் மீன்களிலும் ஆர்.என்.ஏ. என் பட்டினித் தொட்டி மீன்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. வெளியில் ஒரு குறையும் தெரியவில்லை. குட்டை தாங்காத அளவுக்குக் குஞ்சு விட்டிருந்தார். பாதியை வேறு குட்டைக்கு மாற்றினால் பிழைத்துவிடும்.

என் பேராசிரியரிடம் சொன்னேன்.

"இப்பச் சொன்னா அவங்க பிரிச்சு விட்டுடுவாங்க. உன் டேட்டா போச்சு. இன்னும் மூணு சாம்பிள் எடுத்துட்டுச் சொல்லு" என்றார்.

அடுத்த வாரம் அக்கா கேட்டார்: "இன்னாம்மா, நல்லாத்தானே கீதுங்கோ?"

"நல்லா இருக்குக்கா."

அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

மூன்றாம் வாரம் போனபோது மீன்கள் வயிறு வெளுக்க மிதந்தன. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் கூடையில் அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சொன்னேன்.

"கூட்டம் அதிகமாயிடுச்சுக்கா. இரை பத்தல. டெஸ்ட்டுல தெரிஞ்சுது."

"எப்போ தெரிஞ்சுது?"

"மூணு வாரம் ஆச்சு."

அக்கா கூடையை என் காலடிக்குத் தள்ளினார். "பத்துதானே வேணும் உனக்கு? எடுத்துக்கினு போ."

நான் பேசாமல் திரும்பியிருக்கலாம். "செத்தது ஆகாதுக்கா" என்றேன். "உயிரோட வேணும்."

என்னையே பார்த்தார். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, இன்னும் வாய் அசைந்த பத்துக் குஞ்சுகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வந்தேன்.

என் ஆய்வேட்டில் அந்த வாரத்து எண்களே மிகத் தெளிவாக வந்தன, பேராசிரியர் பாராட்டினார். மறு வருடம் பேருந்தில் அந்த வழியே போனபோது குட்டையில் கோரை மண்டியிருந்தது. நான் இறங்கவில்லை.