பாதி ஏரி பாதி யார்?

காட்டூரிலிருந்து திருச்சி கோர்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு வக்கீல் அலுவலகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். பதினெட்டு வருடமாக அங்கே டைப்பிஸ்ட் வேலை. என் விரல் வழியாகப் போனவற்றில் பாதிக்கு மேல் பாகப்பிரிவினை வழக்குகள்தான். அண்ணன் பங்கு, தம்பி பங்கு, கிணற்றில் பங்கு, மாமரத்தில் பங்கு.

சனிக்கிழமை வேலை முடிந்து திரும்புகையில், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் குறுக்கெழுத்துப் புதிர் போடுவேன். பொருளைச் சொல்லிச் சொல்லைக் கேட்கிற சாதாரணப் புதிர் இல்லை. இதில் குறிப்பே நம்மை ஏமாற்றும். "கழுத்தில் விழும் பொழுது" என்று இருக்கும், இரண்டு எழுத்து. ஏதோ கத்தி விழுகிற நேரம்போலத் தோன்றும். உண்மையில் கழுத்தில் விழுவது ஒன்று, பொழுது ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெயர், மாலை. முதல்முதலாக அதைக் கண்டுபிடித்த அன்று நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன்.

புதிர் வருவது ஒரு வாட்ஸ்அப் குழுவில். இருபது பேர் இருப்போம். அமைப்பவர் சனிக்கிழமை சாயங்காலம் அனுப்புவார். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு விடையும் விளக்கமும் தருவார். நடுவில் யார் என்ன கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்.

குழுவில் எல்லாரும் மதிக்கிறவர் ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். நான் சேர்ந்த புதிதில் ஒரு விடையைச் சரியாகச் சொன்னேன். "எப்படி வந்தது?" என்று கேட்டார். "கட்டத்தில் பொருந்துகிறது" என்று எழுதினேன். "பொருந்தினால் போதாதும்மா. குறிப்பிலே ஒரு வார்த்தைகூட மிச்சம் இருக்கக் கூடாது. விளக்கத் தெரியாத விடை, திருட்டு மாம்பழம் மாதிரி" என்று பதில் போட்டார். பத்துப் பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நான் படித்தது பி.காம்., தமிழ் இலக்கியம் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் விடைகளை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன், குழுவில் எதுவும் எழுதவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை இந்தக் குறிப்பு வந்தது: "பாதி ஏரி பாதி யார் பங்குக்குப் பொறுப்பானவர்? (5)"

குறுக்கே போகும் சொற்களிலிருந்து முதல் எழுத்து 'பா', கடைசி எழுத்து 'ர்' என்று கிடைத்துவிட்டது. நடு மூன்றும் காலி. எனக்கு உடனே அலுவலகம்தான் ஞாபகம் வந்தது. ஏரிப் பாசனத்தில் பங்கு கேட்டு வந்த துறையூர்க் கட்சிக்காரர்கள் வரை யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நகரவில்லை.

அன்று இரவே ஸ்ரீரங்கத்துக்காரர் குழுவில் அறிவித்துவிட்டார். "விடை பாகஸ்தர். பங்குக்கு உரியவர். பாதியில் பாதி 'பா'. ஏரியும் யாரும் வாக்கியத்தை நிரப்பச் சேர்த்தவை. அமைத்தவர் இம்முறை சறுக்கிவிட்டார்." ஆளாளுக்குக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஒரு வார்த்தைகூட மிஞ்சக் கூடாது என்றவர் இரண்டு வார்த்தையைத் தூக்கி எறிகிறாரே! ஆனால் மறுத்துப் பேச என் கையில் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை கோயிலில் பூசை முடிந்து அறிவிப்புகள். வழக்கம்போல மனம் எங்கோ இருந்தது. மைக்கில் ஃபாதர் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம பங்குல அடுத்த ஞாயிறு ரத்ததான முகாம். பங்கு மக்கள் எல்லாரும் குடும்பத்தோட வாங்க."

பங்கு.

நிமிர்ந்து பார்த்தேன். விடை வெள்ளை அங்கியோடு என் எதிரே நின்றுகொண்டிருந்தது. நாங்கள் அவரை ஃபாதர் என்போம். பேப்பரில்தான் பாதிரியார் என்று போடுவார்கள். பா-தி-ரி-யா-ர். விரல் விட்டு எண்ணினேன். ஐந்து. சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் கணவர் முழங்கையால் இடித்தார். "என்னாச்சு உனக்கு? ரத்ததானத்துக்கா சிரிக்கிற?"

கடைசிப் பாட்டு முடியும்வரை எப்படி நின்றேனோ தெரியாது. வெளியே வந்ததும் செருப்புகூடப் போடாமல், படிக்கட்டிலேயே உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் கணக்குச் சொன்னேன். "பாதி" அப்படியே வருகிறது. "ஏரி பாதி" என்றால் ஏரியில் பாதி, அதாவது 'ரி'. "யார்" அப்படியே. சேர்த்தால் பாதிரியார். பங்குக்குப் பொறுப்பானவர் அவரே. மிச்சம் எதுவும் இல்லை.

அனுப்பிய இரண்டாவது நிமிடம் போன் அடித்தது. ஸ்ரீரங்கத்துக்காரர்.

"ஏம்மா, ஏரி, யார் எல்லாம் நன்னா உட்கார்றது. ஆனா பாதிரியாருக்கும் பங்குக்கும் என்ன சம்பந்தம்? உண்டியலா?"

"இல்லீங்க சார். ஒரு கோயிலைச் சேர்ந்த ஜனங்க, தெரு எல்லாம் சேர்த்துப் பங்குன்னுதான் சொல்லுவோம். வரன் பாக்க வந்தாக்கூட முதல்ல கேக்குறது, நீங்க எந்தப் பங்குன்னுதான்."

"நிஜமாவா?"

"இப்பதான் சார் மைக்குல சொன்னாங்க. பங்கு மக்கள் எல்லாரும் வாங்கன்னு."

அவர் சிரிப்பது கேட்டது. வாய்விட்ட சிரிப்பு.

"எங்க ஆத்துல இருந்து பாலம் தாண்டினா திருச்சி. இத்தனை வருஷம் தாண்டியிருக்கேன், இந்த வார்த்தை காதுல விழலையே! அடியேன் ஏரியைத் தூக்கிக் காவேரியிலே போட்டேன், நீங்க எடுத்துண்டு வந்துட்டேள். பிரமாதம்மா. குழுவிலேயும் எழுதிடறேன்."

சொன்னபடியே எழுதினார். "என் விடை தவறு. அமைத்தவர் சறுக்கவில்லை, நான்தான் சறுக்கினேன்" என்று, ஒளிவுமறைவு இல்லாமல். அந்த ஒரு வரிக்காக அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

இருந்தாலும் எட்டு மணி ஆகவேண்டுமே. அன்று மத்தியானம் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். யாரும் குறை சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தே பயந்திருப்பார்கள். எட்டடித்து இரண்டு நிமிடத்தில் அமைப்பவரின் செய்தி வந்தது. எல்லா விடைகளுக்கும் அவரே விளக்கம் எழுதியிருந்தார், ஒன்றைத் தவிர. அதற்கு நேரே, "பாதிரியார். விளக்கம்: காலையில் அம்மா எழுதியதே. அதைவிடத் தெளிவாக எனக்கு எழுத வராது" என்று இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு கணவரிடம் ஓடினேன். குறுக்கெழுத்து என்றாலே கொட்டாவி விடுகிறவர். அன்று டிவியை நிறுத்திவிட்டு, "சொல்லு, என்னதான் அது?" என்றார். பாதி, ஏரி, யார் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னேன். மூன்று தடவை. அவருக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. மற்ற இரண்டும் எனக்காகச் சொல்லிக்கொண்டவை.